யோகராஜுவின் முதுகு

சனிக்கிழமை சாயங்காலங்களில் தொலைக்காட்சியில் ‘யோக்கியன் யோகராஜு’ ஓடும். சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவன் ரொட்டிக் கடை வைத்து நேர்மையாகப் பிழைக்கப் பார்க்கிறான். அவன் இருக்கும் தாமான் குடியிருப்பில் வாரத்துக்கு ஒரு பொருள் காணாமல் போகும். எல்லோரும் அவனைச் சந்தேகப்படுவார்கள். அரை மணி நேரம் முடிவதற்குள் அந்தப் பொருள் சொந்தக்காரர் வீட்டிலேயே கிடைத்துவிடும். பிறகு சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் அவன் கடையில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். பதிவு செய்து வைத்த சிரிப்பொலி எழும். பெயர்கள் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதையே மறுபடியும் போடுவார்கள். தேவன் பார்த்தது அந்த மறு ஒளிபரப்பைத்தான். லுக்குட் டவுனில், மனைவி மோகனாவின் அண்ணன் புவனேஸ்வரன் வீட்டுக் கூடத்தில், மகள் ஷாமினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

சிறையிலிருந்து வந்த புதிதில் அந்தக் கூடத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. அவன் உள்ளே போனபோது அவள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவன் வாங்கி வந்த பிஸ்கட்டை மரியாதையாக வாங்கிக்கொள்வாள், மரியாதையாகத் தின்பாள். உள்ளே இருந்த நாள்களில் அவன் பேசாமல் இருக்கப் பழகியிருந்தான். அங்கே பேசாதவனை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அதே பழக்கம் ஒரு சின்னப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அதை உடைக்கத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக அந்த நாடகம் ஓடியது. யோகராஜு போலீஸ்காரரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட, கையிலிருந்த ரொட்டி மாவு அவர் தொப்பிமேல் விழுந்தது. ஷாமினி சிரித்தாள். சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தி, ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். தேவன் சிரித்தான். அதைப் பார்த்ததும் அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அந்த அரை மணி நேரம் அவர்களுடையது.

“அப்பா, யோகராஜு சொல்ற மாதிரியே உள்ள கோழிக்கறி போடுவாங்களா?”

“ஷாமினி!” சமையலறையிலிருந்து மோகனாவின் குரல் வந்தது.

“கேக்கட்டும்” என்றான் தேவன். “போடுவாங்கம்மா. ஆனா கோழியத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போயிடும்.”

அவள் சோபாவில் புரண்டு சிரித்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

செப்புக் கம்பி திருடும் கும்பலுக்கு லாரி ஓட்டியதற்காகத்தான் அவன் உள்ளே போனான். லாரியில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவேயில்லை என்று வழக்கறிஞர் வாதாடினார். அவன் கேட்டிருந்தான். பதிலும் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்ததும் கோலா சாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை ஏற்றும் வேலை கிடைத்தது. வெட்டிப் போட்ட குலைகளைக் கம்பியால் குத்தித் தூக்கி டிராக்டரின் இழுவைப் பெட்டிக்குள் எறிய வேண்டும். தமிழர்கள் பெரும்பாலும் டவுனுக்குப் போய்விட்ட தோட்டம். காலி வீடுகள் நிறைய இருந்தன. ஒன்றை அவனுக்குக் கொடுத்தார்கள். ஒழுகிய கூரைத் தகடுகளை மாற்றினான். மகளுக்கென்று ஓர் அறைக்கு வெளிர்நீலம் அடித்தான். மாதக் கணக்காக மோகனாவை அங்கே வரச் சொல்லிக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

“தை ரெண்டாவது வெள்ளிக்கிழமை நல்லா இருக்காம். வந்து பால் காய்ச்சிறலாம்.”

அவன் தலையாட்டினான். வேறு ஏதாவது சொன்னால் அந்த வார்த்தை கலைந்துவிடும் என்று பயந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது கூடத்தின் மூலையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மோகனா ரஃபியா பிளாஸ்டிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். மேலே ஷாமினியின் எழுத்தில் ‘புது வீடு’ என்று இருந்தது. புவனேஸ்வரனுக்குத்தான் பிடிக்கவில்லை. வீட்டோடு ஒட்டிய மோட்டார் பட்டறையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“நான் இன்னும் ஒரு வருசம் போகட்டும்னுதான் சொன்னேன், மாப்ள. அவ கேக்கல. எனக்கு உன்மேல கோவம் இல்ல லா. ஆனா அவ இன்னொரு தடவ ஒடைஞ்சா ஒட்ட வைக்க என்கிட்ட சாமான் இல்ல.”

“தெரியும் மச்சான்.”

“தெரிஞ்சா சரி.”

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வாரம்தான் தோட்டத்துக்கு நாடகக்காரர்கள் வந்தார்கள். யோகராஜு தான் பிறந்த தோட்டத்துக்குத் திரும்பிப் போவதாக ஒரு கதையாம். காலியாகக் கிடந்த பழைய லயத்து வரிசையில் இரண்டு வீட்டைக் கழுவி, வாசலில் பூச்சட்டி வைத்து, கொடியில் துணி காயப்போட்டார்கள். யாரும் இல்லாத வீட்டின் முன்னால் யாருடையதும் இல்லாத சட்டைகள் காற்றில் ஆடின.

தேவன் சாலையோரத்தில் குலை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன் பின்னால் வந்து நின்றான். உதவி இயக்குநர் சிவா என்று தன்னைச் சொல்லிக்கொண்டான்.

“அண்ணே, கொஞ்சம் திரும்புங்க.”

தேவன் அவன் பக்கம் திரும்பினான்.

“இப்டி இல்லண்ணே, அந்தப் பக்கம். முதுகு பாக்கணும்.”

“எதுக்கு?”

“ஹேமநாதன் சாருக்கு முட்டி ஆபரேசன். ஓட முடியாது. ஓடிப் போயி போலீஸ்கிட்ட மாட்டுற சீன் இருக்கு. அவரு ஒடம்புவாகு அப்டியே ஒங்களுக்கு.”

“மூஞ்சி வேணாமா?”

“மூஞ்சி எங்ககிட்ட இருக்குண்ணே. முதுகுதான் இல்ல.”

ஹேமநாதன்தான் யோகராஜு. தேவன் வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அவனுக்கு லுக்குட் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. அந்த வாரத்து நாடகம் ஓடும்போது, யோகராஜு ஓடுகிற இடம் வந்ததும், அது யார் தெரியுமா என்று ஷாமினியைக் கேட்கலாம். அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தான். அதற்காக மோகனாவிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் மறைத்து வைத்த விஷயங்களில், நினைத்தால் சந்தோஷம் தருவது இது ஒன்றுதான்.

கதைப்படி, தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் வீட்டு ஆடு காணாமல் போய், பழி யோகராஜுமேல் விழுகிறது. பிற்பாடு ஆடு கோயில் மடப்பள்ளியில் பொங்கலைத் தின்றுகொண்டு நிற்குமாம். தேவன் யோகராஜுவின் பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். படப்பிடிப்பில் வேலை செய்த எல்லோருடைய கைப்பேசிகளையும் ஒரு கூடையில் வாங்கி வைத்தார்கள். படம் பிடிக்கும்போது யாரும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று சிவா கூட்டத்துக்குச் சொன்னான். கூட்டம் என்றால் தோட்டத்தில் மிச்சமிருந்த சனம்தான். தேவனின் எதிர்வீட்டு முத்தாயி புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

செம்பனை வரிசைக்கு நடுவே ஓடினான். கால்வாயைத் தாண்டினான். போலீஸ் வேடக்காரர்கள் இரண்டு பேர் துரத்தி வந்தார்கள். திட்டப்படி, அவர்கள் பிடித்ததும் அவன் திமிற வேண்டும், அவர்கள் இழுத்து விலங்கு மாட்ட வேண்டும். ஒருவன் கை தோளில் பட்டது.

தேவன் திமிறவில்லை. அவனுடைய இரண்டு கைகளும் தாமாகப் பின்னால் போய்ச் சேர்ந்து நின்றன. கால்கள் அகன்றன. கழுத்து தாழ்ந்தது. விலங்கின் குளிர் மணிக்கட்டில் பட்டபோது, இதற்கு முந்தைய எல்லாம், வெளிர்நீலச் சுவர், கூரைத் தகடு, ஞாயிற்றுக்கிழமைகள், யாரோ தனக்குச் சொன்ன கதை என்று ஒரு கணம் தோன்றியது. போலீஸ் ஜீப்புக்குள் ஏறும்போது தலை இடிக்காமல் குனிந்து, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தான்.

“கட்! அருமைண்ணே!” சிவா ஓடி வந்தான். “சொன்னத விட்டுட்டீங்க, ஆனா இதான் நல்லா இருக்கு. எங்கயாச்சும் நடிச்சிருக்கீங்களா?”

“இல்ல தம்பி. சும்மா வந்துருச்சு.”

எல்லோரும் கை தட்டினார்கள். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஹேமநாதன் மட்டும் தட்டவில்லை. அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். விலங்கைக் கழற்றியதும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். அடுத்த காட்சியை எடுத்து முடிக்கும்வரை அவனை எழுந்து போக விடவில்லை.

“டீ குடிங்க” என்றார் கடைசியில்.

பிறகு அவராகவே அவன் தோளில் கை போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். கூடையிலிருந்து தேவனின் கைப்பேசியை வாங்கி அதிலும் எடுக்கச் சொன்னார்.

அப்போதுதான் அவன் கைப்பேசியைப் பார்த்தான். புவனேஸ்வரன் பலமுறை கூப்பிட்டிருந்தான். மோகனா ஒரே ஒரு முறை. அவள் மறுபடியும் கூப்பிடவில்லை என்பதை அவன் கவனித்தான். புவனேஸ்வரனின் குரல் பதிவு ஒன்று இருந்தது. காதில் வைத்துக் கேட்டான்.

“மாப்ள... இத நீ கேக்க மாட்டேன்னு தெரியும், லாக்கப்புல ஒன் போன வாங்கி வச்சிருப்பானுங்க. இருந்தாலும் சொல்றேன். எல்லாத்தையும் பாத்துட்டோம். புள்ளயும் பாத்துருச்சு லா. நீ வெளிய வந்தா இந்தப் பக்கம் வராத. அவ்ளோதான்.”

தேவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மோகனாவைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. புவனேஸ்வரனின் கைப்பேசி அணைந்திருந்தது. நிமிர்ந்தபோது முத்தாயி தன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டியபடி வந்தாள். படப்பிடிப்பு ஆள்களின் கைப்பேசியைத்தான் கூடையில் போட்டார்கள். வேடிக்கை பார்த்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

“தேவா, நீ மாட்டுனத நான் நல்லா எடுத்துருக்கேன் பாரு. அப்பவே நம்ம தோட்டத்து குரூப்புல போட்டுட்டேன்!”

வாங்கிப் பார்த்தான். முத்தாயி கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்திருந்தாள். அதனால் கேமரா தெரியவில்லை, விளக்கு தெரியவில்லை. சிவா சொன்னபடி கூட்டம் மூச்சுக்கூட விடவில்லை. ஓர் ஆள் ஓடி வருகிறான். போலீஸ்காரர்கள் பிடிக்கிறார்கள். அவன் கைகளைப் பின்னால் கொடுத்துக் குனிகிறான். ஜீப்பில் ஏறும்போது ஒரு கணம் திரும்பிய முகம் தேவனுடையது. அவ்வளவுதான்.

“கீழ ஒண்ணும் எழுதலையாக்கா?”

“எனக்கு எங்க லா எழுதத் தெரியும்? பேசி அனுப்பியிருக்கேனே!”

அழுத்திக் காட்டினாள். அவளுடைய குரல் உற்சாகமாக வந்தது: “ஏய், எல்லாரும் பாருங்க, நம்ம தேவன் டிவில வரப்போறான்! ஹீரோ அவன்தான்!”

முத்தாயி எதையும் அப்படித்தான் அனுப்புவாள். படம் ஒன்று, அதற்குக் கீழே குரல் ஒன்று. அன்றைக்கும் அப்படித்தான் அனுப்பினாள். படம் ரந்தாவில் யாருக்கோ போனது, அங்கிருந்து சிரம்பானுக்கு, அங்கிருந்து லுக்குட்டில் பட்டறைக்கு வரும் ஒருவனுக்கு. குரலை யாரும் அனுப்பவில்லை. அது தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

அவன் யோகராஜுவின் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். வழியெல்லாம் அவனுக்குப் பயம் இல்லை. இது சரியாகிவிடும் என்று தெரியும். நாடகத்தில்கூட இதைவிடச் சிக்கலாக வைப்பார்கள். ஹேமநாதனோடு எடுத்த படம் சட்டைப்பையில் இருக்கிறது. காட்டினால் முடிந்துவிடும்.

முடியத்தான் செய்தது. பட்டறையில் ஒரு மோட்டாருக்கு முன்னால் குந்தியிருந்த புவனேஸ்வரன் அவனைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பேனரை நழுவவிட்டான். தேவன் கைப்பேசியை நீட்டினான். புவனேஸ்வரன் படத்தைப் பார்த்தான். தேவனைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

“இது யோகராஜு லா.”

“ஆமா மச்சான். ஷூட்டிங். நான் முதுகு.”

புவனேஸ்வரன் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். “அடப் பாவி! நான் வக்கீலுக்கெல்லாம் போன் போட்டேன் லா! லாக்கப்புல இருக்கிற ஆளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினவன் இந்த நாட்டுலயே நான் ஒருத்தன்தான்.” எழுந்து வந்து கிரீஸ் கையோடு தேவனைக் கட்டிக்கொண்டான். “மன்னிச்சுக்க மாப்ள. நான் பேசினத மனசுல வச்சுக்காத.”

சத்தம் கேட்டு ஷாமினி வெளியே வந்தாள். அவள் இமைகள் வீங்கியிருந்தன. புவனேஸ்வரன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நம்பாமல் கேட்டாள்:

“நீங்களா யோகராஜு?”

“முதுகு மட்டும்தான்மா.”

அவள் சுற்றி வந்து அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு அதில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். தேவன் அசையாமல் நின்றான். இவ்வளவு நாளில் அவளாக வந்து தொட்டது இதுதான் முதல் தடவை.

“உள்ள போ மாப்ள, அவ பின்னாடி இருக்கா. நான் டீ வாங்கியாரேன்” என்றான் புவனேஸ்வரன்.

கூடத்தில் அட்டைப்பெட்டிகள் இல்லை. தேவன் நின்றான். மூலையில் பெருக்கித் துடைத்த தரை மட்டும் இருந்தது. அறைக் கதவு திறந்து கிடந்தது. அலமாரியில் மோகனாவின் சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன. ஷாமினியின் பள்ளிச் சீருடை கொக்கியில் தொங்கியது. சமையலறையில் சின்ன கிண்ணங்கள்கூடப் பழைய இடத்துக்கு வந்திருந்தன. கயிற்றைக்கூட வெட்டி எறியவில்லை. முடிச்சை அவிழ்த்து, சுருட்டி, ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தாள். ஆத்திரத்தில் செய்த வேலையாக அது தெரியவில்லை. ஒரு வீட்டு வேலையைப் போல நிதானமாகச் செய்யப்பட்டிருந்தது.

பின்பக்கம் மோகனா சிமெண்டுத் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்தாள். பட்டறைச் சிரிப்பு அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“போன் அடிச்சேன்” என்றான்.

“உங்க நம்பர்தான் வந்துச்சு. போலீஸ்காரன் பேசுவான்னு எடுக்கல.”

“முத்தாயிக்கா போட்டது.”

“அண்ணன் சத்தமாச் சொல்லுச்சே, கேட்டுச்சு.”

அவன் எதிர்ச் சுவரில் சாய்ந்தான். அடுத்த வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஒரே சீராக வந்து, நின்று, மறுபடி தொடங்கியது.

“திரும்பக் கட்டிறலாம்” என்றாள் மோகனா. “வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. நான் அவசரப்பட்டுட்டேன்.”

அவள் எழுந்திருக்கவில்லை.

“மோகனா. ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்க.”

“அதப் பாத்தப்போ ஒனக்கு எப்டி இருந்துச்சு?”

அவள் நைட்டியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். தேங்காய்ச் சத்தம் நின்றது. அவன் அவசரப்படவில்லை. காத்திருப்பது அவனுக்குத் தெரிந்த வேலை. அவள் பொய் சொல்லலாம். பயந்துபோனேன், அழுதேன் என்று சொல்லலாம். அவன் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான், வெள்ளிக்கிழமை வரும்.

“ஒங்ககிட்ட பொய் சொல்ல முடியாது” என்றாள். “நிம்மதியா இருந்துச்சுங்க.”

அவன் அவளையே பார்த்தான்.

“அன்னிக்கு போலீஸ் வந்து கதவத் தட்டினப்போ நான்தானே தொறந்தேன். புள்ளைக்கு சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன். அதுலேர்ந்து எந்தக் கதவத் தட்டினாலும், எந்த போன் அடிச்சாலும் எனக்கு அதே கைதான். சோறு ஒட்டுன கை. நீங்க வெளிய வந்தப்புறம் அது ஜாஸ்தியாயிருச்சு. நீங்க ஒழுங்காத்தான் இருக்கீங்க, எனக்குத் தெரியும். ஒழுங்கா இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் காத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு அதப் பாத்தவொடனே...” அவள் நிறுத்தினாள். “சரி, வந்துருச்சு, இனிமே காத்துக்கிட்டு இருக்க வேணாம்னு தோணுச்சு. ஒக்காந்து ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். மனசு லேசா இருந்துச்சு. நீங்க உள்ள இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுகூட முணுமுணுத்தேன்னா பாத்துக்குங்க.”

அப்போதுதான் அவள் அழுதாள். முகத்தைப் பொத்தவில்லை. அவனும் பக்கத்தில் போகவில்லை. போகலாமா என்று தெரியவில்லை.

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. காலையில் விலங்கு பட்டபோது தன் உடம்புக்குள் எழுந்ததை அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அதை அவன் இதுவரை பயம் என்றே எண்ணியிருந்தான். பயமாக இருந்திருந்தால் திமிறியிருப்பான். அவனும்தான் காத்திருந்திருக்கிறான்.

“அதுக்காக வர மாட்டேன்னு சொல்லல” என்றாள் அவள். “சொன்னா சொன்னதுதான். வர்றோம்.”

“வேணாம் மோகனா.”

அவள் நிமிர்ந்தாள்.

“அந்த வீட்டுல கதவு தகரக் கதவு. காத்தடிச்சாலே தட்டுற மாதிரி இருக்கும்” என்றான். “நீ இங்கயே இரு. நான் எப்பவும் போல ஞாயித்துக்கிழம வர்றேன்.”

அவள் மறுத்துச் சொல்வாள் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் காத்திருந்தான். அவள் தோள்கள் தளர்ந்து இறங்கியதை அவன் பார்த்தான். அவளுக்கே அது தெரிந்திருக்காது.

கூடத்தில் புவனேஸ்வரன் பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த டீயைக் குவளைகளில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஷாமினி கைப்பேசியில் ஹேமநாதன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பப்பா போடுவாங்க?”

“அடுத்த மாசம்னு சொன்னாங்க.”

“நம்ம புது வீட்டுல பாப்போமா?”

மோகனா சமையலறை வாசலில் நின்றாள். புவனேஸ்வரன் தங்கையைப் பார்த்தான், தேவனைப் பார்த்தான், டீயைக் கீழே வைத்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது.

“இப்ப வேணாம்னு இருக்கோம்மா” என்றான் தேவன். “கொஞ்ச நாள் போகட்டும்.”

அவள் ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தான். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பெரியவர்களைப் போலக் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அதுவும் சரிதான்ப்பா” என்றாள். “அங்கேர்ந்து பள்ளிக்கூடம் தூரம். காலையில எந்திரிக்க முடியாது. எனக்கு சோதனைக்கு வேற படிக்கணும்.”

அவள் சேரவிருந்த புதுப் பள்ளிக்கூடம் அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. போன மாதம் அவனே கூட்டிப்போய் அவளுக்குக் காட்டியிருந்தான். அதன் வாசலில் அவள் ஐஸ் தின்றாள்.

“ஆமா லா, தூரந்தான்” என்றான் புவனேஸ்வரன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மோகனா தலையசைத்தாள்.

மகள் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா” என்றான் தேவன். “ரொம்ப தூரம்.”